விட்டன் ஓவலில் பெண்கள் ஃபுட்டி: காசு கொடுத்துப் பார்க்கலாமா?

முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன்: பார்க்கலாம். அதிலும் இளம் பெண்கள் நிறைந்த அணி ஒன்று பலசாலி அணியோடு மோதுகிற நாளாகப் பார்த்துப் போங்கள். மெல்பர்னில் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் பார்க்கிங், சாப்பாடு, டிக்கெட் என்று பணம் கரைகிற கரைசலில், ஏ.எஃப்.எல்.டபிள்யூ. எனும் பெண்கள் ஆஸ்திரேலிய ஃபுட்பால் (இங்கே செல்லமாக ஃபுட்டி) லீக் மாதிரி மலிவான, உருப்படியான பொழுதுபோக்கு வேறு எனக்குத் தெரிந்து இல்லை. ஆண்கள் ஆட்டத்தின் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் விலை கொஞ்சம்தான், குழந்தைகளுக்குக் காசே கிடையாது. எம்.சி.ஜி. எனும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் மேல் மாடியில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள். இங்கே வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றால் அவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது வரை காதில் விழும்.

நான் போனது வெஸ்டர்ன் புல்டாக்ஸ் - மெல்பர்ன் டீமன்ஸ் ஆட்டத்துக்கு. மெல்பர்னின் மேற்குப் புறநகரில் உள்ள விட்டன் ஓவல் புல்டாக்ஸின் சொந்த மைதானம். "ஜெயிக்கிற ஆட்டமா பார்த்துப் போகக் கூடாதா, தெரிஞ்சே தோக்கற ஆட்டத்துக்கா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். புல்டாக்ஸ் பெண்கள் அணி 2018இல் கோப்பை வாங்கிய அணி. பிரிஸ்பேனை மழையில் 4.3 (27) - 3.3 (21) என்று வென்றார்கள். அந்த இறுதியாட்டத்தில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான மோனிக் காண்டிக்கு அப்போது 18 வயது. இன்று ரிச்மண்டில் ஆடுகிறார், 2023இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கிவிட்டார். ஆனால் அந்தக் கோப்பை அணி மெல்ல மெல்லக் கலைந்துபோனது. 2023இல் ஒரே ஒரு வெற்றியோடு புல்டாக்ஸ் கடைசி இடம். கடைசியாக வந்தால் டிராஃப்ட் எனும் புது ஆட்டக்காரர் தேர்வில் முதல் ஆளாகத் தேர்வு செய்யலாம் என்பதால் அந்த ஆண்டு இறுதியில் கிறிஸ்டி-லீ வெஸ்டன்-டர்னரை எடுத்தார்கள், புதிய பயிற்சியாளராக டமாரா ஹையட் வந்தார், மறுபடி அஸ்திவாரத்திலிருந்து கட்ட ஆரம்பித்தார்கள். எதிரே மெல்பர்னோ 2022 நவம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் அதே பிரிஸ்பேனை நான்கே புள்ளியில் தோற்கடித்துக் கோப்பை தூக்கிய அணி, கேட் ஹோர், டைலா ஹேங்க்ஸ் என்று வரிசையாகப் பெயர் சொல்லலாம்.

இந்த இரண்டு கிளப்புக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. லீக் பிறப்பதற்கு முன்பே, 2013 ஜூனில், எம்.சி.ஜி.யில் ஏ.எஃப்.எல். எனும் ஆண்கள் லீக்கின் கிளப் சட்டை போட்டுப் பெண்கள் ஆடிய முதல் காட்சி ஆட்டம் இந்த இரு அணிக்கும் நடுவேதான் நடந்தது. இவர்கள் மோதும்போது ஹாம்ப்சன்-ஹார்டமன் கோப்பை என்று தனியாக ஒன்றுக்கு ஆடுவார்கள். விக்டோரியாவில் பெண்கள் ஃபுட்டியை வளர்த்த பார்ப் ஹாம்ப்சன், லீசா ஹார்டமன் ஆகிய இருவரின் பெயர் அது. ஆகவே புள்ளிப்பட்டியல் என்ன சொன்னாலும் ஆட்டத்தில் கொஞ்சம் காரம் இருக்கும்.

போகும் வழி எளிது. சன்பரி லைன் ரயிலில் ஏறி மிடில் ஃபுட்ஸ்க்ரேயிலோ வெஸ்ட் ஃபுட்ஸ்க்ரேயிலோ இறங்கினால் நடந்தே போய்விடலாம். காரில் வந்தால் சுற்றியுள்ள தெருக்களில் இடம் தேடி அலைய வேண்டும், ரயில்தான் புத்திசாலித்தனம். வாசலில் புல்டாக்ஸின் அந்தக் கால நட்சத்திர ஆட்டக்காரர் டெட் விட்டனின் சிலை நிற்கிறது. மைதானத்துக்கு அவர் பெயர் வந்தது 1995இல், அதே ஆண்டுதான் அவர் இறந்தார். அதற்கு முன் இது வெறும் வெஸ்டர்ன் ஓவல். ஆண்கள் அணி இங்கே லீக் ஆட்டம் ஆடுவதை 1997ஓடு நிறுத்திக்கொண்டு பெரிய அரங்குகளுக்குப் போய்விட்டது. இருபது ஆண்டு கழித்து 2017 பிப்ரவரியில், பெண்கள் லீக் தொடங்கிய அதே வாரம், உச்ச நிலை ஃபுட்டி இங்கே திரும்பி வந்தது பெண்கள் காலில்தான். அந்தப் பகுதிப் பெரியவர்கள் சிலர் இன்றும் ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டு வந்து உட்காருவதைப் பார்த்தால், அவர்களுக்கு ஆணா பெண்ணா என்பது இரண்டாவது விஷயம், தங்கள் ஊர் மைதானத்தில் மறுபடி ஆட்டம் நடக்கிறதே, அது போதும் என்று தோன்றுகிறது.

ஆனால் காற்று! இந்த மைதானத்தின் காற்று ஊரறிந்தது, இருந்தாலும் நேரில் வாங்கினால்தான் தெரியும். மைதானத்துக்கு இரண்டு முனை: பார்க்லி ஸ்ட்ரீட் முனை, ஜீலாங் ரோடு முனை. ஒரு பக்கம் உதைத்த பந்து எல்லோர் தலைக்கும் மேலே மிதந்து போகிறது, மறுபக்கம் உதைத்தது போன வேகத்தில் அந்தரத்தில் நின்று உதைத்தவர் பக்கமே சாய்கிறது. டாஸ் ஜெயித்த அணி எந்தப் பக்கம் தேர்ந்தெடுக்கிறது என்பதே பாதி ஆட்டம். ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள், வெயில் அடிக்கிறதே என்று பார்க்காதீர்கள்.

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவே உள்ள உயரமான இரண்டுக்கும் இடையில் உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. மேலே 4.3 (27) என்று போட்டேனே, அது 4 கோல், 3 பிஹைண்ட், மொத்தம் 27. பந்தை எறியக் கூடாது. உதைக்கலாம், இல்லை ஒரு உள்ளங்கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். 15 மீட்டராவது பறந்து வந்த உதையைக் கீழே விடாமல் பிடித்தால் அது மார்க், பிடித்தவர் யாரும் தொடாமல் நிதானமாக அடுத்த உதை உதைக்கலாம். ஆண்களுக்கு 18 பேர், பெண்களுக்கு 16 பேர், பந்து ஒரு அளவு சிறியது. இவ்வளவு போதும், மிச்சத்தைப் பக்கத்து சீட்டுக்காரர் கேட்காமலே சொல்லித் தருவார்.

எனக்குச் சொல்லித் தந்தது அக்கா மகள். 13 வயது, பள்ளி அணியில் ஆடுகிறாள், வாய் ஓயாது. நான்கு கால் பகுதிகளாக நடக்கும் ஆட்டத்தின் முதல் பகுதியிலேயே ஒன்று சொன்னாள்: "மாமா, பந்தையே பாக்காதீங்க. பந்துகிட்ட போகாம யாரு சும்மா நிக்கறாங்கன்னு பாருங்க." பார்த்தேன். அதுதான் அன்றைய ஆட்டம் முழுவதும். நடுவர் பந்தை மேலே எறிந்து இரண்டு உயரமான பெண்கள் குதித்துத் தட்டும்போது, புல்டாக்ஸின் சின்னப் பெண்கள் நாலைந்து பேர் பந்தின் மேலேயே போய் விழுவார்கள். தைரியத்துக்குக் குறைவில்லை. மெல்பர்னில் மூன்று பேர் உள்ளே போராட, ஒரே ஒருத்தி மட்டும் எட்டடி தள்ளி, எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பது போல நிற்பாள். பந்து எப்படியோ அந்தக் குவியலிலிருந்து வெளியே வந்து அவள் கையில்தான் விழும். அவளைச் சுற்றி ஆளே இருக்க மாட்டார்கள். ஓடி, தலையை நிமிர்த்தி, யாருக்கு என்று பார்த்து உதைப்பாள். இதே காட்சி திரும்பத் திரும்ப நடந்தது, ஒரு கட்டத்தில் அவள் பந்து வருவதற்கு முன்னாலேயே ஓட ஆரம்பித்துவிட்டாள்.

பலமான அணி என்றால் வேகமாக ஓடுவார்கள், உயரமாகக் குதிப்பார்கள் என்றுதான் தொலைக்காட்சியில் பார்க்கும்போது தோன்றும். நேரில் பார்த்தால் வேறு தெரிகிறது. அவர்கள் அவசரப்படுவதில்லை, அவ்வளவுதான். இளம் அணிக்குப் பந்து கிடைத்ததும் பயம் வந்துவிடுகிறது. நாலு பேர் துரத்தி வருகிறார்கள், தொலைவாக உதைத்துத் தொல்லை விட்டால் போதும் என்று எல்லைக்கோட்டை ஒட்டியே உதைக்கிறார்கள். பெண்கள் லீக்கில் ஒரு விதி உண்டு, பந்தைக் கையில் வைத்திருந்தவர் உதைத்தோ குத்தியோ அனுப்பியது வேறு யார் மேலும் படாமல் கோட்டைத் தாண்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். ஆக, ஒளிய இடமில்லை. கோட்டோரம் உதைத்தது இரண்டு துள்ளலில் வெளியே போகும், மெல்பர்ன்காரர் ஒருவர் சாவகாசமாக வந்து பந்தை எடுத்து மைதானத்தின் அந்தப் பக்கத்துக்கு மாற்றி உதைப்பார், அங்கே அகலமாகத் திறந்து கிடக்கும். மூன்றாம் கால் பகுதியில் காற்றும் எதிராக அடித்தபோது புல்டாக்ஸால் நடுக்கோட்டைத் தாண்டவே முடியாமல் போனது.

நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, கோல் பக்கம், புல்டாக்ஸின் தடுப்பு ஆட்டக்காரி ஒருத்தி. பள்ளி முடித்து அதிகநாள் ஆகியிருக்காது. இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்து வெள்ளை டேப் சுற்றியிருந்தது. அவளுக்கு ஒதுக்கப்பட்ட எதிராளி அவளைவிட அரை அடி உயரம், தோளும் அதற்கேற்ப. முதல் பந்து வந்தபோது அந்த எதிராளி இடுப்பால் லேசாக ஒரு நெட்டு நெட்டினாள், நம் பெண் ஓரமாகப் போய்விட்டாள், மார்க், கோல். இரண்டாவது தடவையும் அதே நெட்டு, அதே கோல். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பாட்டி "முன்னாடி போ கண்ணு, முன்னாடி போ" என்கிற தோரணையில் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது பந்து வந்தபோது அவள் எதிராளியைத் தேடவே இல்லை. இரண்டடி முன்னாலேயே நகர்ந்து, பிடிக்க முயலாமல், டேப் சுற்றாத கையை மடக்கி ஓங்கி ஒரு குத்து. பந்து எங்கள் தலைக்கு மேலே வந்து இரண்டாம் வரிசையில் விழுந்தது. ஸ்கோர்போர்டில் இதற்கு ஒரு புள்ளியும் ஏறாது. ஆனால் நாற்பது மீட்டர் தள்ளி நின்ற தோழிகள் ஓடிவந்து அவள் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள், பாட்டி எழுந்து நின்று கைதட்டினார், அதன் பிறகு அந்த எதிராளி அந்த மூலையில் சுலபமாக ஒன்றும் எடுக்கவில்லை.

கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் பந்தோடு பிடிபட்டால் ஒட்டுமொத்த மைதானமும் "பா...ல்!" என்று இழுத்துக் கத்தும். பந்தை விடாமல் வைத்திருந்தார், எங்களுக்கு ஃப்ரீ கிக் கொடு என்று நடுவருக்குக் கோரிக்கை. கோரிக்கை என்ன, மிரட்டல்தான். ஆனால் ஆண்கள் ஆட்டத்தில் சில சமயம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிவரும் வசவுகள் இங்கே என் காதில் விழவில்லை. கைக்குழந்தையோடு வந்தவர்கள் நிறைய, இடைவேளையில் குட்டிப் பசங்கள் மைதானத்தில் இறங்கி ஆடுகிறார்கள். கடைசிக் கால் பகுதியில் புல்டாக்ஸ் தற்காப்பு மூலையிலிருந்து ஒரே தொடராகக் குத்திக் குத்திப் பந்தைக் கொண்டுபோய், ஒரு பெண் ஓட்டத்திலேயே கோல் அடித்தபோது, ஜெயித்துவிட்ட மாதிரி சத்தம். வித்தியாசம் அப்போது பல கோல், யாருக்கும் கவலையில்லை. அந்தத் தொடரில் ஒருத்தி கூடக் கோட்டோரம் உதைக்கவில்லை, அதைத்தான் அக்கா மகள் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பெண்கள் ஆட்டத்தில் ஸ்கோரே வராது, தரம் போதாது" என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கும் உண்டு. ஸ்கோர் குறைவு, உண்மைதான். 2022 இறுதியாட்டம் 19க்கு 15. ஆனால் அவர்கள் மறந்துவிடுகிற ஒன்று, விக்டோரியாவில் பெண் பிள்ளைகள் 12 வயதுக்கு மேல் பசங்களோடு ஆடக் கூடாது என்று தடை இருந்தது. பெண்களுக்கான இளையோர் அணிகளும் அப்போது அரிது, ஆக அந்த வயதில் நிறுத்திவிட வேண்டியதுதான். பென்னி கூலா-ரீட் உள்ளிட்ட மூன்று சிறுமிகள் தீர்ப்பாயம் வரை போய் வழக்கு நடத்தியது இந்த நூற்றாண்டில்தான், அப்புறம்தான் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 2017இல் லீக் தொடங்கியபோது பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு அந்த முதல் சீசனுக்குக் கிடைத்த சம்பளம் 8,500 டாலர். நர்ஸ், டீச்சர், தச்சர் வேலை முடித்து இரவில் பயிற்சிக்கு வந்தவர்களை, ஐந்து வயதிலிருந்து இதற்கென்றே வளர்க்கப்பட்ட ஆண்களோடு ஒப்பிடுவதில் என்ன அர்த்தம்? 2023 ஒப்பந்தத்தால் சராசரி அந்த ஆண்டு 60,000 டாலர் அளவுக்கு உயர்ந்தது. இன்று வருகிற 18, 19 வயதுப் பெண்கள் இடையில் நிறுத்தாமல் ஆடி வளர்ந்தவர்கள், அவர்கள் பந்தை எடுக்கிற விதத்திலேயே அது தெரிகிறது.

லீக் மீது எனக்கு உள்ள குறை வேறு. 18 அணி இருக்கும் லீக்கில் 2023இல் ஆளுக்கு 10 ஆட்டம், 2024இல் 11, 2025இல் 12. எல்லா அணியும் ஒருமுறை கூட எல்லோரோடும் மோதுவதில்லை. இளம் அணி கற்றுக்கொள்ள ஆட்டம் வேண்டும், மேலே சொன்ன அந்தத் தடுப்பு ஆட்டக்காரி மூன்றாவது பந்தில் கற்றதை முப்பதாவது பந்தில் கைவசம் ஆக்க வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு வாரம் எப்படிப் போதும்? சூடு பிடிக்கிற நேரத்தில் சீசன் முடிந்துவிடுகிறது.

சரி, சாப்பாடு. வேலியோரம் வரிசையாக வண்டிகள் நிற்கும். நாங்கள் போன ஒரு வண்டியில் சிப்ஸ் வாங்க இடைவேளை முழுவதும் நின்று, கையில் வந்தபோது பாதி ஆறிப்போயிருந்தது, மேலே உப்பைத் தேட வேண்டியிருந்தது. பெயர் வேண்டாம், அன்று ஆள் குறைவோ என்னவோ. இறைச்சி பை சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையில்லை, சைவர்களுக்குச் சிப்ஸை விட்டால் டோனட்தான். என் யோசனை, உள்ளே காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்து பார்க்லி ஸ்ட்ரீட்டிலேயே மேற்கே நடந்தால் வெஸ்ட் ஃபுட்ஸ்க்ரே முழுக்க இந்திய உணவகங்கள். மெல்பர்ன் முழுக்கக் கிளை பரப்பிய தோசா ஹட் முதலில் தொடங்கியதே இந்தத் தெருவில்தான். காற்றில் மூன்று மணி நேரம் விறைத்துப்போய் வந்து சூடாக ஒரு மசால் தோசை, அதற்காகவே இந்த மைதானத்துக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடலாம். மற்ற ஊர் மைதானங்களில் இந்த வசதி கிடையாது.

டிக்கெட் ஆன்லைனில்தான் எடுத்தேன். எடுத்த தளத்தில் குழந்தைக்கான இலவச டிக்கெட்டையும் தனியாகப் பதிவு செய்யச் சொல்லி, கணக்கு தொடங்கு, கடவுச்சொல் வை, மின்னஞ்சலைச் சரிபார் என்று உயிரை வாங்கினார்கள், வாசலில் வைத்துச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், வீட்டிலேயே முடித்துவிடுங்கள். மூடிய இருக்கைகள் சீக்கிரம் நிரம்பிவிடும், வயதானவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். ஓடியாடுகிற பிள்ளைகள் இருந்தால் இருக்கையே வேண்டாம், கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியோரம் நிற்பதுதான் சுகம், கோல் நடுவர் இரண்டு கொடியையும் வீசுவது கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். இரண்டு அணிக்கும் சட்டையில் சிவப்பும் நீலமும், புல்டாக்ஸுக்கு நடுவே வெள்ளைப் பட்டை வரும். முதல் பத்து நிமிடம் யார் யாரென்று குழம்பும், பிறகு பழகிவிடும்.

ஆட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஆட்டக்காரர்கள் வேலியோரமாக நடந்து வந்து கையெழுத்துப் போடுகிறார்கள், அதுவும் தோற்ற அணிக்காரர்கள்தான் அதிக நேரம் நின்றார்கள். அக்கா மகள் தன் பந்தில் நாலு கையெழுத்து வாங்கினாள். டேப் சுற்றிய பெண் வந்தபோது கையெழுத்து கேட்காமல், "அந்த மூணாவது பந்துக்கு ஏன் முன்னாடியே நகர்ந்தீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள். அவளும் சலித்துக்கொள்ளாமல், எதிராளி நெட்டுவதற்கு முன் எந்தக் காலை ஊன்றுவாள் என்று அங்கேயே நின்று செய்து காட்டினாள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் இதை எந்த டிக்கெட் விலையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது அந்தச் சிப்ஸுக்காக. சீசன் ஆகஸ்ட்டில் தொடங்கி நவம்பர் வரை ஓடும், அட்டவணை வந்ததும் புல்டாக்ஸ் சொந்த மைதானத்தில் மெல்பர்ன், நார்த் மெல்பர்ன், பிரிஸ்பேன் மாதிரி அணியை எதிர்கொள்ளும் ஆட்டம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், நவம்பரில் இருந்தால் இன்னும் நல்லது, குளிர் கொஞ்சம் குறைந்திருக்கும்.